வழவழப்பு எங்கிருந்து வருகிறது?

மதியம் பன்னிரண்டரை மணிக்குப் பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தன் கடைகளில் வாழையிலை விழத் தொடங்கிவிடும். கோஸ் பொரியல், பருப்புக் கீரை, மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய், ஓரமாகத் தயிரில் ஊறிய வெள்ளரிக்காய்ப் பச்சடி. அதே சாலையில் உள்ள நூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் நுழைந்தால், கழுத்தில் அலுவலக அட்டை தொங்க இன்னொரு கூட்டம் சாலட் வாங்கிக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் லெட்யூஸ், கேரட், ஊதாக் கோஸ், தக்காளி. மேலே சீசர், தவுசண்ட் ஐலண்ட், ராஞ்ச், வறுத்த எள் என்று ஏதோ ஒரு வழவழப்பான குழம்பு.

சாலட் வாங்கும் கூட்டம் உடம்பைப் பார்த்துக்கொள்கிற கூட்டம். சோறு வேண்டாம், கறி வேண்டாம் என்று முடிவெடுத்து வந்தவர்கள். கிண்ணத்தில் உள்ள பச்சைக் காய்கறிகள் எல்லாம் சேர்ந்து ஐம்பது, அறுபது கலோரிதான் வரும். ஆனால் போத்தல் சீசர் டிரெஸ்ஸிங் இரண்டு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 160 கலோரியும் 17 கிராம் கொழுப்பும் கொண்டது. கடைகளில் ஊற்றும் கை இரண்டு கரண்டியோடு நிற்பதில்லை. நான்கு கரண்டி விழுந்தால் 320 கலோரி, அதாவது ஒன்றரைக் கிண்ணம் சோறு. வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த சோறு வேறு வேடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதை வேடிக்கையாக மட்டும் பார்க்க முடியாத நிலையில் மலேசியா இருக்கிறது. சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய ஆய்வின்படி 2023இல் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள்; 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் நமக்குச் சுடும் எண் ஒன்று 2019 ஆய்வில் இருக்கிறது: இந்தியர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் 31.4 விழுக்காடு. நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் போதுமான காய்கறி, பழம் உண்பதில்லை என்றும் இந்த ஆய்வுகள் சொல்கின்றன. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, அரைப் பங்கு காய்கறியும் பழமும் என்று அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முழக்கத்தைப் பள்ளிச் சுவர் முதல் மருத்துவமனைச் சுவர் வரை ஒட்டியிருக்கிறது. அந்த அரைப் பங்கை வாய்க்குப் பிடித்த மாதிரி உள்ளே அனுப்புவது எப்படி என்பதுதான் சிக்கல். வெறும் இலையை மெல்ல யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால்தான் இந்த டிரெஸ்ஸிங்குகள் பலவற்றுக்கு அடித்தளமான மயோனைஸ் வந்து உட்கார்ந்தது.

மயோனைஸ் எப்படிக் கெட்டியாகிறது என்பது இயற்பியலின் அழகான புதிர்களில் ஒன்று. எண்ணெய் ஓடும், வினிகரும் ஓடும். ஓடுகிற இரண்டைச் சேர்த்து அடித்தால் கரண்டியில் குத்திட்டு நிற்கும் ஒன்று எப்படிக் கிடைக்கிறது? முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசிதினும் புரதங்களும் எண்ணெயை நுண்துளிகளாகப் பிடித்து வைக்கின்றன. லெசிதின் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயை நாடும், மறுமுனை நீரை நாடும். அது துளியின் மேற்பரப்பில் நின்றுகொண்டு, ஒரு துளி இன்னொன்றோடு கலந்துவிடாமல் தடுக்கும். ஆனால் கெட்டித்தன்மைக்குக் காரணம் துளிகளின் நெரிசல். ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு ஒழுங்காக அடுக்கினாலும் இடத்தில் 74 விழுக்காட்டைத்தான் நிரப்ப முடியும். கொட்டிக் குலுக்கினால் 64 விழுக்காடு. மயோனைஸில் எண்ணெயின் பங்கு பொதுவாக 65 முதல் 80 விழுக்காடு. துளிகள் உருண்டையாக இருக்கவே இடமில்லாமல், காலை ஏழரை மணி கிளானா ஜெயா தட எல்ஆர்டி பெட்டியில் நிற்பவர்களைப்போல ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. அந்த அசையாமைதான் கெட்டி.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. எண்ணெயைக் குறைத்தால் நெரிசல் குறையும், மயோனைஸ் ஓடத் தொடங்கும். ஆகவே ‘கொழுப்பு குறைந்தது’ என்று அச்சிட்ட போத்தலில் எண்ணெய் இருந்த இடத்தை வேறு ஏதாவது நிரப்பியாக வேண்டும். மாவுச்சத்து, சர்க்கரை, சாந்தன் கோந்து ஆகியவை அப்படித்தான் உள்ளே வருகின்றன. சாந்தன் கோந்து, கோஸ் செடியில் நோய் உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவை நொதிக்க வைத்துப் பெறுவது. கேட்கப் பயமாக இருந்தாலும் தீங்கானதல்ல. அந்தச் சர்க்கரைதான் இனிப்பு நீர்க்காரர் பார்க்க வேண்டியது.

ராஞ்ச் என்ற டிரெஸ்ஸிங்கின் கதை இங்கே சொல்லத் தகுந்தது. ஸ்டீவ் ஹென்சன் என்பவர் 1950களில் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா அருகே ஹிடன் வேலி ராஞ்ச் என்ற விருந்தினர் பண்ணையை நடத்தினார். அங்கே பரிமாறிய டிரெஸ்ஸிங்கில் மயோனைஸோடு மோரும் இருந்தது. பூண்டு, வெங்காயம், மூலிகைத் தூள் சேர்ந்தது. விருந்தினர்கள் கேட்டுக் கேட்டு வாங்க, தூளைப் பொட்டலமாக்கி அஞ்சலில் விற்றார். வாங்கியவர்கள் வீட்டில் மோரும் மயோனைஸும் கலந்துகொண்டார்கள். 1972இல் அந்தப் பெயரை எண்பது லட்சம் டாலருக்கு வாங்கியது குளோராக்ஸ் நிறுவனம். ஆமாம், நம் வீடுகளில் துணி வெளுக்கும் அதே குளோராக்ஸ். 1983இல் அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் கெடாத போத்தல் வடிவம் வந்தது. புது மோர் அலமாரியில் மாதக்கணக்கில் நிற்காது. எண்ணெய் நிற்கும். இன்றைய போத்தலின் பின்பக்கத்தைத் திருப்பினால் பொருள்களின் பட்டியலில் தாவர எண்ணெய்தான் முன்னால் நிற்கிறது. மோர் கலந்து பிறந்த ஒன்று, கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எண்ணெய்ப் பண்டமாக மாறிவிட்டது. வீட்டில் செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை; அவருடைய டிரெஸ்ஸிங் மூன்று நாள் தாங்கினால் போதும்.

நாக்குக்கு ‘வழவழப்பு’ என்று ஒரு தனிச் சுவை கிடையாது. வாயில் ஒரு பொருள் எவ்வளவு கெட்டியாக நகர்கிறது, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் உராய்வை எவ்வளவு குறைக்கிறது, அதிலுள்ள துகள்கள் எவ்வளவு நுண்ணியவை என்பவற்றையெல்லாம் கூட்டி மூளை போடும் கணக்கு அது. துகள்கள் பெரிதாக இருந்தால் மணல் மாதிரி நெருடும். சில மைக்ரான் அளவுக்குக் கீழே போனால் நாக்கால் தனித்தனியாக உணர முடியாது. எல்லாம் ஒரே மென்மையாகத் தெரியும். துகள் எண்ணெய்த்துளியா, புரதமா என்று நாக்கு விசாரிப்பதில்லை.

இங்கேதான் தயிர் வருகிறது. பாலில் உள்ள கேசின் புரதம் நூறு, இருநூறு நானோமீட்டர் அளவுள்ள நுண்ணுருண்டைகளாக மிதக்கிறது. இவை எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருப்பதால் பால் திரியாமல் இருக்கிறது. உறையில் உள்ள பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்ற மாற்ற, அமிலத்தன்மை கூடி பிஎச் அளவு 4.6ஐ நெருங்கும். அப்போது மின்னூட்டம் அடங்கிவிடும். உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகும். நீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். கெட்டித் தயிர் என்பது இந்த வலைதான். நூறு கிராம் முழுக்கொழுப்புத் தயிரில் நீர் 88 கிராம், கொழுப்பு மூன்று கிராமைச் சற்றுத் தாண்டும், கலோரி அறுபது. அதே நூறு கிராம் மயோனைஸ் 680 கலோரி. நெரிசலால் கெட்டியாவது ஒன்று, பின்னலால் கெட்டியாவது மற்றொன்று; பின்னலுக்குச் செலவு குறைவு.

உறை ஊற்றுமுன் பாலை நன்றாகக் காய்ச்சிக் கொஞ்ச நேரம் கொதியில் வைக்க வேண்டும் என்று பாட்டிமார் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. எண்பத்தைந்து பாகைக்கு மேல் சூடாகும்போது பாலின் இன்னொரு புரதமான பீட்டா லாக்டோகுளோபுலின் குலைந்து கேசின் உருண்டைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது, வலை உறுதியாகிறது, நீர் பிரிவது குறைகிறது. அறை வெப்பத்தில் கெடாத யுஎச்டி பெட்டிப் பாலில் இந்தச் சூடு ஆலையிலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து உறை ஊற்றினால் போதும். கோலாலம்பூர் வெயிலில் ஐந்தாறு மணி நேரத்தில் உறைந்துவிடும். இரவெல்லாம் வெளியே வைத்தால் புளித்துப் போகும். பனிக்கால ஊர்க்காரர் எழுதிய செய்முறையை இங்கே அப்படியே பின்பற்றக் கூடாது. கடையில் வாங்குபவர்கள் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா மளிகைக் கடைகளில் கிடைக்கும் இனிப்பில்லாத தயிரைப் பார்த்து எடுக்கலாம். எருமைத் தயிர் என்றால் கெட்டி கூடும், கொழுப்பும் இரட்டிப்பாகும்.

பச்சடியில் இருப்பது தயிர் மட்டுமல்ல. தாளிப்பும் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான் எழுதப்படுகிறது.

கொழுப்பைப் பழி சொல்லும் காலத்தில் ஒரு பிழையான முடிவுக்குப் பலர் வந்துவிட்டார்கள்: எண்ணெய் சுத்தமாக இல்லாத டிரெஸ்ஸிங்தான் ஆரோக்கியமானது என்று. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளிவந்த ஆய்வு இதை உடைத்தது. கீரை, லெட்யூஸ், தக்காளி, கேரட் கலந்த சாலட்டைக் கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங்கோடும், ஆறு கிராம் எண்ணெய் உள்ளதோடும், இருபத்தெட்டு கிராம் எண்ணெய் உள்ளதோடும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு சில மணி நேரம் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். கொழுப்பே இல்லாத சாலட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் ஏறக்குறைய ஏறவே இல்லை. கேரட்டின் பீட்டா கரோட்டின், தக்காளியின் லைகோபின், கீரையின் லூட்டின் எல்லாம் கொழுப்பில் மட்டுமே கரைபவை. சிறுகுடலுக்குள் கொழுப்பு போனால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீர் வரும். பித்தநீர் வந்தால்தான் இந்த நிறமிகளை ஏற்றிச் செல்லும் நுண்ணூர்திகள் உருவாகும். ஊர்தி இல்லையென்றால் கேரட் வந்த வழியே வெளியே போகும்.

சரி, எவ்வளவு கொழுப்பு வேண்டும்? பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இருபத்தொன்பது பேருக்கு மூன்று, எட்டு, இருபது கிராம் கொழுப்பு சேர்த்த சாலட்டுகளைக் கொடுத்தார்கள். வெண்ணெயும் சோயா எண்ணெயும் அளவு கூடக் கூட உறிஞ்சலைக் கூட்டின. ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு நிறைந்த கனோலா எண்ணெயில் மட்டும், மூன்று கிராமே இருபது கிராமின் வேலையைச் செய்தது. அயோவா ஆய்வு கனோலாவிலும் கூடுதல் எண்ணெய்க்குக் கூடுதல் பலன் கண்டிருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வு சோயா எண்ணெயை முப்பத்திரண்டு கிராம் வரை கூட்டிக்கொண்டே போய், உறிஞ்சலும் கூடிக்கொண்டே போவதைக் காட்டியது. எல்லாமே சிறிய ஆய்வுகள், ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்துபவையும் அல்ல. பொருந்தும் இடம் ஒன்றுதான்: பூஜ்யம் உதவாது, கொஞ்சம் உதவும். உச்ச அளவை ஒரே கிண்ணத்தில் பிடிக்க வேண்டும் என்று தினமும் காய்கறி தின்பவர் துரத்தத் தேவையில்லை. இடுப்பளவு ஏற்கெனவே கூடிய ஒருவருக்கு முப்பத்திரண்டு கிராம் எண்ணெய் கட்டுப்படியாகாத விலை.

இப்போது தாளிப்பைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாலரை கிராம். பச்சடிக்குத் தாளிக்க யாரும் ஒன்றிரண்டு தேக்கரண்டிக்கு மேல் பெரிதாக ஊற்றுவதில்லை. கடலை எண்ணெயில் பாதியளவும், நல்லெண்ணெயில் ஐந்தில் இரண்டு பங்கும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்புதான். பிளாஸ்டிக் பொட்டலத்தில் கிலோ இரண்டரை வெள்ளிக்கு அரசாங்க உதவி விலையில் கிடைக்கும் செம்பனை எண்ணெய் இந்த இடத்தில் அவ்வளவு பொருத்தமில்லை. அதில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம். ஒரு தேக்கரண்டி விஷயத்துக்கு நல்லெண்ணெய் வாங்கினால் பையும் காலியாகாது.

எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. கறிவேப்பிலை, சீரகம், பெருங்காயம் இவற்றின் மணப்பொருள்கள் நீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். சூடான எண்ணெய் அவற்றை உறிஞ்சிக்கொண்டு தயிரெங்கும் பரப்புகிறது. வாயில் மெதுவாக விடுவிக்கிறது. நான்கு கிராம் எண்ணெயில் இவ்வளவு மணம் ஏற்றிவிட்டால் நாக்கு இன்னும் எண்ணெய் வேண்டும் என்று கேட்பது குறையும். மயோனைஸ் நூறு கிராமில் எழுபது கிராம் எண்ணெயை ஊற்றியும் மணத்துக்கு வினிகரையும் சர்க்கரையையும் நாட வேண்டியிருக்கிறது.

கடுகு தனிக் கதை. எண்ணெயில் வெடிக்கும்போது அதன் உள்ளே உள்ள நீர் ஆவியாகித் தோலைக் கிழிக்கிறது. காரத்தை உண்டாக்கும் நொதியான மைரோசினேஸ் அந்தச் சூட்டில் செத்துவிடுகிறது. அதனால் தாளித்த கடுகு காரமில்லாமல் பருப்பு வாசத்தோடு இருக்கும். ஆனால் கேரளத்துக் கிச்சடியில் செய்வதுபோலப் பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு நசுக்கினால் நொதி வேலை செய்து மூக்கில் ஏறும் காரம் பிறக்கிறது. நசுக்கிய உடனே தயிரில் போட்டுவிடக் கூடாது. அமிலம் நொதியை மந்தமாக்கும். பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சேர்த்தால் காரமும் வரும், தயிரின் அமிலம் அந்தக் காரத்தைச் சிதையாமல் காக்கவும் செய்யும். கடுகுத்தோலில் வழவழப்பான பசைப்பொருள் இருக்கிறது. எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைப்பதில் அது முட்டைக்குத் துணை நிற்கும். பிரெஞ்சுச் சமையல்காரர் மயோனைஸில் ஒரு கரண்டி கடுகு விழுது சேர்ப்பதும் ஓரளவுக்கு இதற்காகத்தான்.

செய்முறை எளிது. நால்வருக்கு ஒரு கிண்ணம், அதாவது சுமார் இருநூறு கிராம் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வடிய விடவேண்டும். மூன்றில் ஒரு பங்கு நீர் இறங்கிவிடும். மிஞ்சுவது லெட்யூஸ் இலையில் ஒட்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி. அரைத் தேக்கரண்டி கடுகை நசுக்கிப் பத்து நிமிடம் கழித்துச் சேர்த்து, ஒரு பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி, எலுமிச்சைச் சாறு கொஞ்சம். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்து, ஆறிய பிறகு ஊற்றிக் கலக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அந்த இடத்தில் புரத வலை சுருங்கித் திரிதிரியாகும். ஆளுக்கு ஏறக்குறைய ஐம்பது கலோரி, நான்கு கிராம் கொழுப்பு. உப்பைக் காய்கறியில் முன்கூட்டியே போட்டால் வெள்ளரிக்காய் சவ்வூடு பரவலால் நீரை விட்டுவிடும், டிரெஸ்ஸிங் குளமாகும். சாப்பிடும் நேரத்தில் போடுவதே சரி.

தயிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களானதும் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவது ஆசியாவில் மிகச் சாதாரணம். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி ஏற்கெனவே அமிலமாகிவிட்டதால் பாலைவிடத் தாங்கும். அப்படியும் தாங்காதவர்களுக்குச் சந்தையில் தௌஹு எனும் சோயாக் கட்டி இருக்கிறது. மென்மையான வகைத் தௌஹுவை எலுமிச்சை, மிளகாய், உப்பு, ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்து அரைத்தால் மயோனைஸ் என்று சொல்லிக் கொடுத்தாலும் நம்புவார்கள். சோயாவிலும் லெசிதின் உண்டு, புரதமும் உண்டு. இரண்டும் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். இதோடு ஒரு கைப்பிடி வல்லாரையைச் சேர்த்து அரைத்தால் பச்சை நிறமும் யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலின் மெல்லிய கசப்பும் வரும். அந்தக் காலத்து மலாயா ரயில்வேயில் எழுத்தர்களாக வந்த இலங்கைத் தமிழர்களின் பேட்டை பிரிக்பீல்ட்ஸ்; ஜாலான் ஸ்காட்டில் கந்தசுவாமி கோயில் கட்டியவர்கள் அவர்கள். வல்லாரை இங்கே மலாய்க்காரர்களின் பெகாகா. காலைச் சந்தையில் உலாம் கீரைகளோடு கட்டுக் கட்டாகக் கிடைக்கும்.

உலாம் பற்றியும் ஒரு வார்த்தை. பெகாகா, உலாம் ராஜா, சிறகவரை, பெத்தாய் என்று பச்சையாகவே தின்னும் மலாய்ச் சாப்பாட்டில் கிரீம் என்ற பேச்சே இல்லை. சம்பல் பெலாச்சானில் தொட்டுத் தின்கிறார்கள். கொழுப்பு ஏறக்குறைய பூஜ்யம், ஆனால் பெலாச்சான் உப்பு மூட்டை. மலேசியப் பெரியவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு உண்பதாக அமைச்சின் சிறுநீர் ஆய்வு கண்டது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஐந்து கிராம். போத்தல் டிரெஸ்ஸிங் நான்கு மேசைக்கரண்டியிலேயே ஒன்றேகால் கிராமுக்கு மேல் உப்பு போய்விடும். இந்தக் கணக்கில் யாரும் சுத்தமில்லை: மயோனைஸுமில்லை, பெலாச்சானுமில்லை, ஊறுகாயுமில்லை.

மாமாக் கடை ரோஜாக்கின் சிவப்புக் குழம்பையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து மசித்து, மிளகாயும் புளியும் வேர்க்கடலையும் சேர்த்துக் கெட்டியாக்குவது அதன் பழைய முறை. எண்ணெயை நம்பாமல் மாவுச்சத்தின் பலத்தில் கெட்டியாகும் குழம்பு. சூட்டில் மாவுமணிகள் நீரை உறிஞ்சி ஊதிப்போவதால் வரும் வழவழப்பு. வெல்லத்தையும் சர்க்கரையையும் பாதியாகக் குறைத்து வீட்டில் செய்தால் செங்குவாங், வெள்ளரி, முளைப்பயறு எல்லாவற்றுக்கும் பொருந்தும். கடையில் அதில் நனைவது பெரும்பாலும் பொரித்த வடை என்பது குழம்பின் குற்றமல்ல.

வேர்க்கடலையும் முந்திரியும் கெட்டிக்கார மாற்றுகள்தான், ஆனால் அவற்றின் கணக்கு வேறு. முந்திரியில் நாற்பத்து நான்கு விழுக்காடும், வேர்க்கடலையில் ஏறக்குறைய பாதியும் கொழுப்பு. நல்ல கொழுப்பு; நார்ச்சத்தும் புரதமும் கூட வருகின்றன. ஆனாலும் முந்திரி அரைத்த ‘வீட்டு மயோனைஸ்’ கலோரியில் போத்தலுக்கு ரொம்பப் பின்தங்கவில்லை. ஒரு மேசைக்கரண்டி விழுதைப் புளித்தண்ணீரால் நீர்க்கச் செய்து நால்வர் பகிர்ந்தால் சரி.

தேங்காயைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சொல்லத்தான் வேண்டும். மயோனைஸில் உள்ள சோயா, கனோலா எண்ணெய்கள் பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு. அதன் குற்றம் அளவு. தேங்காய் எண்ணெயிலோ பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை உயர்த்தும். கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிவிட்டு ‘நம்ம ஊர்ப் பொருள், இயற்கையானது’ என்று நிம்மதி அடைவது கணக்குத் தெரியாத நிம்மதி. பச்சடிக்கு இரண்டு கரண்டி துருவல் போடுவதில் ஒன்றும் குடிமுழுகாது. சந்தான் பெட்டியை உடைத்துக் கவிழ்ப்பது வேறு விஷயம்.

வீட்டில் செய்வதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்க வாய்ப்புண்டு. ஆலை மயோனைஸ் பாதுகாப்பாக இருப்பதற்குப் பதப்படுத்திய முட்டையும் போதுமான வினிகரும் காரணம். வீட்டில் எலுமிச்சையைக் கண்ணளவாகப் பிழிந்து அடிக்கும் பச்சை முட்டை மயோனைஸ், முப்பத்திரண்டு பாகை வெயிலில் சமையல் மேடையில் கிடக்கக் கூடாத பொருள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பூண்டை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பது இன்னும் மோசம். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்ந்து நஞ்சு சுரக்கும். 1985இல் கனடாவின் வான்கூவரில் போத்தலில் அடைத்த பூண்டெண்ணெயால் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பூண்டு வேண்டுமென்றால் அன்றன்றைக்கு நசுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

தயிர் டிரெஸ்ஸிங் அமிலத்தன்மை உள்ளது. மூடிய கண்ணாடிப் புட்டியில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். காய்கறியைத் தனியாக, டிரெஸ்ஸிங்கைத் தனியாக வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் ஒரு சிறு பனிக்கட்டிப் பையையும் வைப்பது நல்லது. கிள்ளானிலிருந்து கோமுட்டரில் வந்து இறங்கி நடந்து, மதியம் வரை மேசையில் கிடந்தால் தயிர் மேலும் புளித்து நீர் பிரியும். பிரிந்தால் ஒரு சிட்டிகை வறுத்த கடலைமாவு சேர்த்துக் கலக்கினால் கொஞ்சம் கூடிவரும். மோர்க்குழம்பு திரியாமல் இருக்க அரிசியும் பருப்பும் அரைத்து ஊற்றுவதிலும் மாவுச்சத்துக்கு இதே மாதிரி வேலைதான்.

தயிர் கட்டிய துணியிலிருந்து வடிந்த நீரில் பால் சர்க்கரையின் ஒரு பகுதியும், பொட்டாசியமும், கொஞ்சம் புரதமும் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்துக்காக அதை விட்டுவிடலாம். மற்றவர்கள் வீட்டில் அது சப்பாத்தி மாவு பிசையவும், புளி குறைத்து ரசம் வைக்கவும் ஆகும்.